வாடகைக்கு ஓர் அறை: கொரிய நாட்டின் ‘பாங்’ வரலாறு

பூசான் நகரில் சென்று இறங்கிய முதல் நாளே என் காதில் மீண்டும் மீண்டும் விழுந்த சொல் ‘பாங்’ என்பது. பாங்கு சொல்லியாயிற்றா என்று கேட்டுக் கேட்டே பொழுதைக் கணக்கிட்டுப் பழகிய ஒருவனுக்கு, பள்ளிவாசலே கண்ணில் படாத ஒரு தெருவில் போவோர் வருவோர் எல்லாம் ‘பாங், பாங்’ என்று பேசிக்கொண்டு செல்வது திகைப்பாகத்தானே இருக்கும்? உடன் வந்த என் தங்கை மகன் சிரித்துவிட்டான். “மாமா, இங்கே பாங் என்றால் அறை. வேறொன்றும் இல்லை” என்றான். அவன் அந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவன். அவனைப் பார்த்து வரத்தான் சென்ற ஆண்டு நான் அத்தனை தொலைவு போயிருந்தேன்.

நாம் வழங்கும் பாங்கு பாரசீகத்திலிருந்து வந்தது. குரல், முழக்கம், அழைப்பு என்பன அதன் பொருள்கள். கொரியரின் பாங்கோ அறையைக் குறிக்கும் சீனச் சொல்லின் வழிவந்தது. இரண்டிற்கும் உறவு கிடையாது. ஆயினும் ஒன்று குரலையும் மற்றொன்று அறையையும் குறிப்பது, அந்நாட்டில் இருந்த இருபது நாளும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஏனெனில் அங்கே நான் கண்ட அறைகளிற் பெரும்பாலானவை, மனிதன் தன் குரலை உயர்த்துவதற்காகக் காசு கொடுத்து எடுக்கும் அறைகள்.

கடைத்தெருவில் தலையை நிமிர்த்திப் பார்த்தால், ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி ‘பாங்’ என்னும் பலகைகள் தொங்குகின்றன. நொரெபாங் என்பது பாட்டறை. பீசீபாங் என்பது கணினி விளையாட்டறை. மன்ஹ்வாபாங் என்பது படக்கதை நூல்களை இருந்து படிக்கும் அறை. ஜிம்ஜில்பாங்கில் வெந்நீரிலும் சூடேற்றிய தரையிலும் உடம்பை வாட்டிக்கொண்டு இரவு முழுதும் படுத்துறங்கலாம். திரைப்படம் பார்ப்பதற்கென்று வீடியோபாங் என்றொன்று தொண்ணூறுகளில் மிகுதியாக இருந்ததாம். இவை யாவற்றுக்கும் மணிக்கணக்கில் வாடகை. பிக்ஹு நூல்கள் படித்தோர்க்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. இஜாரா என்பது பயனை விற்பது. பொருள் உடையவனிடமே இருக்கிறது, அதன் பயன் மட்டும் குறித்த காலத்துக்குக் கை மாறுகிறது. எந்தப் பயனுக்காக ஒரு சமுதாயம் மாலைதோறும் இப்படி வாடகை செலுத்துகிறது என்பதே நான் அறிய விரும்பியது.

கொரியரின் பழைய வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வீட்டின் உயிர் அதன் தரை. அடுப்பில் எரிக்கும் தீயின் சூடு தரைக்கடியில் கல்வழிகள் ஊடே பரவி அறை முழுவதையும் வெம்மையாக்கும். இவ்வமைப்புக்கு ஒண்டோல் என்று பெயர். மிதியடியை வெளியே கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து, தரையிலேயே உண்டு, தரையிலேயே படுத்தனர். வசதியுள்ளோர் வீட்டில் பெண்கள் புழங்கும் ‘ஆன்பாங்’ என்னும் உள்ளறை வேறு. ஆண்கள் அமர்ந்து விருந்தினரை வரவேற்கும் ‘சாராங்பாங்’ என்னும் முன்னறை வேறு. நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் முன்கூடமும் உள்கட்டும் பிரிந்திருப்பதை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சாராங்பாங்கில் கவிதை பாடினர், நூல் வாசித்தனர், வழக்குப் பேசினர், வழிப்போக்கனுக்குப் படுக்கை தந்தனர். அதற்கு வாடகை கிடையாது. வந்தவனுக்கு இடம் கொடுப்பது வீட்டுக்காரனின் கௌரவம்.

கொரியர் பாட்டில் பிறந்து பாட்டில் வளர்ந்தவர்கள் என்பது அவர்களே சொல்லிக்கொள்ளும் பெருமை. அயலார் சாட்சியமும் அதற்கு உண்டு. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘மூன்று அரசுகளின் வரலாறு’ என்னும் சீன நூல், அத்தீபகற்பத்தின் தென்பகுதி மக்கள் ஐந்தாம் மாதத்து விதைப்பு முடிந்ததும், பத்தாம் மாதத்து அறுவடை முடிந்ததும் இரவு பகலாகக் கூடிப் பாடி ஆடுவர் என்று குறித்து வைத்திருக்கிறது. அப்போது அவர்களுக்குப் பாட அறை தேவைப்படவில்லை. வயல்வெளி போதுமானதாக இருந்தது.

பூசானுக்கு வடக்கே, பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத்தில் கியோங்ஜு இருக்கிறது. சில்லா அரசின் பழைய தலைநகர் அது. என்னைப் போன்றவர்கள் அவ்வூரின் பெயரை அறியுமுன்பே அவ்வரசின் பெயரை அரபு நூல்களில் படித்திருப்போம். 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய அரசின் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்த இப்னு குர்தாத்பிஹ், ‘அல் மஸாலிக் வல் மமாலிக்’ என்னும் தம் நூலில் சீனத்துக்கு அப்பால் ‘அஷ் ஷீலா’ என்றொரு நாடு உண்டு, அங்கே பொன் மிகுதி, அங்குச் சென்ற முஸ்லிம்கள் நாட்டின் இனிமையால் கவரப்பட்டு அங்கேயே தங்கிவிடுகின்றனர் என்னும் கருத்துப்பட எழுதினார். பின்னால் வந்த மஸ்ஊதியும் ஏறத்தாழ இதையே சொல்லியிருக்கிறார். கியோங்ஜுவில் வொன்சொங் மன்னருடையது என்று கருதப்படும் சமாதியின் முன்னே காவலர் உருவங்கள் கல்லில் நிற்கின்றன. குழிந்த கண்ணும் பருத்த மூக்கும் அடர்ந்த தாடியும் கொண்ட அவற்றின் முகம் கொரிய முகம் அன்று. மேற்கிலிருந்து வந்தவர் எவரையோ பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். அவர் அரபியர்தாமா, பாரசீகரா, ஸொக்தியரா என்று அறிஞர் வாதிடுகின்றனர். அந்த வாதத்தில் நான் புக விரும்பவில்லை.

அதே ஊரில் 674ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரண்மனைக் குளம் ஒன்று உண்டு. 1975இல் அதைத் தூர்வாரியபோது சேற்றிலிருந்து பதினான்கு முகங்கள் கொண்ட மரத்தாலான பகடைக் காய் ஒன்று கிடைத்தது. அரசவை விருந்தில் உருட்டி விளையாடும் காய் அது. ஒவ்வொரு முகத்திலும் ஒரு தண்டனை எழுதியிருந்தது. ஒரு முகம் விழுந்தால் தனியே பாட வேண்டும். மற்றொன்று விழுந்தால் ஒலியின்றி ஆட வேண்டும். இன்னொன்று, தான் விரும்பும் எவரையும் பாடச் சொல்லலாம் என்று உரிமை தந்தது. கவிதை ஒன்று சொல்லும்படி கட்டளையிட்டது வேறொரு முகம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் சேற்றுக்குள் சிதையாமல் இருந்த அந்தக் காய், பதப்படுத்துவதற்காக மின் அடுப்பில் உலர்த்தியபோது தீய்ந்து போய்விட்டது. இப்போது காட்சியில் இருப்பது அதன் நகல். சேறு காத்ததை அறிவு காக்கவில்லை! அந்தக் காயின் முகங்களை நான் குறித்துக்கொண்டதற்கு வேறொரு காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

சில்லாவுக்குப் பின் கொரியோ, அதன்பின் ஜோஸொன் என்று அரசுகள் மாறின. மங்கோலியர் காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வந்து தங்கிய முஸ்லிம்களைக் கொரியர் ‘ஹ்வேஹ்வே’ என்று அழைத்தனர். அவர்கள் தலைநகரில் தமக்கெனக் கூடும் இடமும், தம் உடையும் தொழுகையும் கொண்டு வாழ்ந்தனர். அரசவையின் பெருவிழாக்களில் அவர்களின் தலைவர்கள் மன்னரை வாழ்த்தி ஓதுவது ஒரு சடங்காகவே இருந்தது. ஹங்குல் என்னும் எழுத்தைத் தம் மக்களுக்குத் தந்தவரும், கொரியரால் இன்றளவும் போற்றப்படுபவருமான செஜோங் மன்னரின் ஆட்சியில், 1427ஆம் ஆண்டு, அவர்கள் தனி உடை அணிதல் கூடாது, அரசவையில் ஓதும் சடங்கும் நிறுத்தப்படும் என்று ஆணை பிறந்தது. இரக்கமற்ற ஆணை என்று அதைச் சொல்ல முடியாது. வேற்றுடை காரணமாகப் பிறர் அவர்களோடு திருமண உறவு கொள்ளத் தயங்குகிறார்கள் என்பதே அதிகாரிகள் காட்டிய காரணம். விளைவு என்னவோ ஒன்றுதான். சில தலைமுறைகளில் அச்சமுதாயம் கொரியரோடு கொரியராகக் கரைந்துபோயிற்று. அதன்பின் ஐந்து நூற்றாண்டுக் காலம் அம்மண்ணில் ஓதும் குரல் எதையும் வரலாறு பதிவு செய்யவில்லை. 1950 அக்டோபரில் துருக்கியப் படையினர் பூசான் துறைமுகத்தில் வந்திறங்கினர். அப்படையோடு வந்த இமாம்களிடமிருந்தே போருக்குப்பின் கொரியர் சிலர் இஸ்லாத்தைக் கற்றனர். பூசானில் உள்ள ஐக்கிய நாடுகள் நினைவுக் கல்லறையில் 462 துருக்கியர் அடக்கமாகியிருக்கின்றனர். நானும் மருமகனும் அங்கே நின்று ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தோம்.

அப்போர்க்காலத்துப் பூசானைப் பற்றியும் சொல்ல வேண்டும். சியோல் பகைவர் கையில் விழவே பூசான் தற்காலிகத் தலைநகராயிற்று. நாடு முழுவதிலுமிருந்து அகதிகள் வந்து குவிந்தனர். மலைச்சரிவெங்கும் தகரமும் பலகையும் கொண்டு குடிசை போட்டனர். அந்த நெருக்கடியில் சாராங்பாங் ஏது? முன்னறை இழந்த எழுத்தாளரும் ஓவியரும் ‘தாபாங்’ என்னும் தேநீர் அறைகளில் தஞ்சம் புகுந்தனர். ஒரு கோப்பைக்குக் காசு கொடுத்தால் அந்திவரை ஒரு நாற்காலி சொந்தம். சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளில் கீறிக் கீறி ஓவியம் வரைந்த லீ ஜுங்ஸொப் அக்காலத்தில் பூசானில் அகதியாக வாடியவர். விருந்தினனை இருத்தும் அறை வீட்டை விட்டு வெளியேறி, தெருவில் விலைக்குக் கிடைக்கும் பொருளாக மாறிய கதையில் தாபாங் ஒரு பெரிய திருப்பம் என்றே நான் கருதுகிறேன்.

அதற்குமுன் ஜப்பானியர் ஆட்சி 35 ஆண்டுகள். 1945 செப்டம்பரில் அமெரிக்க இராணுவ நிருவாகம் விதித்த இரவு ஊரடங்கு 36 ஆண்டுகள். நள்ளிரவு 12 மணி முதல் காலை 4 மணி வரை தெருவில் தலைகாட்டக் கூடாது என்னும் அவ்விதி 1982 ஜனவரி 5ஆம் நாள்தான் நீங்கியது. ஒரு தலைமுறை முழுவதும் நள்ளிரவு என்றால் என்ன என்று தெருவில் நின்று பார்த்ததில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். பாட்டுக்கும் தடைகள் இருந்தன. 1964இல் வெளிவந்து மக்கள் மனத்தைக் கொள்ளைகொண்ட ‘தொங்பெக் ஆகாஸ்ஸி’ என்னும் பாடல் ஜப்பானியச் சாயல் உடையது என்று விலக்கப்பட்டது. கிம் மின்கி என்னும் இளைஞர் இயற்றிய ‘ஆச்சிம் ஈஸுல்’ 1975இல் தடைக்குள்ளாயிற்று. மாணவர் ஊர்வலங்களில் அதைப் பாடினர் என்பது அதன் குற்றம். இரண்டின் மீதிருந்த தடையும் 1987இல்தான் எடுக்கப்பட்டது. இப்போது இரண்டும் பாட்டறை இயந்திரத்தில் எண் இட்டு வரிசையில் இருக்கின்றன.

இயந்திரத்தின் பிறப்பிடம் ஜப்பான். கோபே நகரில் இனோவே டைசுகே என்னும் இசைக்கலைஞர் 1971இல், பாடுபவர் குரல் நீங்கலாகப் பின்னணி இசையை மட்டும் ஒலிக்கும் பெட்டி ஒன்றைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அதுவே கரோக்கே. மதுக்கடையில் அந்நியர் முன்னிலையில் பாடுவதாக இருந்த அது, 1985இல் ஒகயாமா பகுதியில் பழைய சரக்குப் பெட்டகம் ஒன்றையே சிறு அறையாக்கி அதற்குள் வைக்கப்பட்டது. குடும்பமாகவும் நண்பர்களாகவும் தனியே பாடும் வழக்கம் அங்கிருந்து தொடங்கியது. ஜப்பானிய ஷிமோனோசெக்கிக்கும் பூசானுக்கும் இடையே 1970 முதல் கப்பல் ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே இந்த அறை கொரியாவுக்குள் பூசான் வழியாக நுழைந்ததில் வியப்பில்லை. 1991இல் பூசானில் ஒரு பல்கலைக்கழகத்தின் அருகே இருந்த விளையாட்டுக்கூடத்தில் முதல் நொரெபாங் திறக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் நாடெங்கும் பரவிவிட்டது. ஜப்பானியத் திரைப்படத்துக்கும் பாட்டுக்கும் 1998வரை கொரியாவில் கதவடைப்பு இருந்தது. ஜப்பானிய அறையோ ஏழு ஆண்டுகள் முந்தியே உள்ளே வந்து குடியேறிவிட்டது. சரக்கைத் தடுத்தவர்கள் பெட்டியைத் தடுக்கவில்லை.

நான் அப்படியோர் அறைக்குள் சென்றேனா என்று வாசகர் கேட்பீர்கள். சென்றேன்.

மருமகனின் பேராசிரியர் என்னை மீன் விருந்துக்கு அழைத்திருந்தார். எனக்கென்று இறைச்சியும் மதுவும் மேசைக்கு வராமல் பார்த்துக்கொண்ட பண்பை மறக்க முடியாது. விருந்து முடிந்ததும் அவர்கள் வழக்கப்படி இரண்டாம் கட்டம் என்றார்கள், அதுவே நொரெபாங். நான் தயங்கினேன். மத்ரஸாவில் நாற்பதாண்டுக் காலம் ஓதியும் ஓதுவித்தும் வந்தவன், இசைக்கருவிகள் குறித்து என் ஆசிரியர்கள் கொண்ட கருத்திலிருந்து மாறாதவன், எந்த முகத்தோடு உள்ளே போவது? “மாமா, நீங்கள் வராவிட்டால் அவர்கள் யாரும் போகமாட்டார்கள். விருந்தினரை விட்டுவிட்டுப் போவது இங்கே பெரிய அவமரியாதை” என்றான் மருமகன். வாசலருகே உட்காருவேன், பாட மாட்டேன் என்னும் நிபந்தனையோடு போனேன்.

கீழ்த்தளத்தில் நீண்ட நடை. இருபுறமும் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் வெவ்வேறு பாட்டு, ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகக் கேட்டது. எங்களுக்குத் தந்த அறையில் சுவரோரம் இருக்கை, நடுவே மேசை, அதன்மேல் தலையணை கனத்தில் பாட்டு எண்கள் அச்சிட்ட புத்தகம், இரண்டு ஒலிவாங்கி, ஒரு கஞ்சிரா. எண்ணை அழுத்தினால் திரையில் வரிகள் ஓடும். பாடி முடித்ததும் இயந்திரம் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு முழங்கும். நன்றாகப் பாடியவருக்குக் குறைவாகவும் கத்தியவருக்கு மிகுதியாகவும் அது வழங்கியதைக் கண்டு, தேர்வுத்தாள் திருத்தும் சில நண்பர்கள் நினைவுக்கு வந்தனர். பகலெல்லாம் பேராசிரியர் முன் தலைகுனிந்து நின்ற மாணவர், அங்கே அவர் தோளில் கை போட்டுப் பாடினர். அவரும் ஒரு பழைய பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அவர் தந்தை வட பகுதியிலிருந்து போரின்போது வந்தவர் என்றும், ஊர் திரும்பாமலே இறந்தார் என்றும், அது தந்தையின் பாட்டு என்றும் மருமகன் என் காதில் சொன்னான். மணி முடியும் தறுவாயில் கடைக்காரர் கூடுதலாகப் பத்து நிமிடம் சேர்த்தார். கேட்காமலே தருவது வழக்கமாம். சாராங்பாங்கின் பழைய வாசனை அதில் சிறிது மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லோரும் என் பக்கம் திரும்பினர். ஒலிவாங்கியை மறுத்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலிருந்து நாட்டுப்படலத்துச் செய்யுள் இரண்டைச் சொன்னேன். ஒரு சொல்லும் புரியாதவர்கள் மூச்சுவிடாமல் கேட்டனர். சில்லாப் பகடையில் எனக்கு விழுந்தது கவிதை சொல்லும் முகம் போலும்.

இவ்வறைகளின் இருண்ட பக்கத்தை மறைக்க விரும்பவில்லை. சட்டத்தின் ஏட்டில் நொரெபாங்கின் பெயர் ‘பாட்டுப் பயிற்சிக்கூடம்’ என்பது. 2006ஆம் ஆண்டின் இசைத்தொழில் சட்டப்படி அங்கே மது விற்கக் கூடாது. உடனிருந்து மகிழ்விக்கப் பெண்களை அமர்த்தக் கூடாது. இரவு 10 மணிக்குமேல் சிறுவர் இருக்கக் கூடாது. இவ்வளவு விலக்குகள் எழுதப்பட்டிருப்பதே மீறல்கள் நடக்கின்றன என்பதற்குச் சான்று. மதுவும் பெண்ணுமே வணிகமான வேறு வகை அறைகளும் அந்நகரங்களில் உண்டு. அவற்றை இப்பாட்டறையோடு குழப்பிக்கொள்வோர் நம்மவரில் பலர். ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. பாட்டறையின் கதவுக்கு உள்தாழ் இருக்கலாகாது, வெளியிலிருந்து உள்ளே தெரியும்படி கண்ணாடி இருக்க வேண்டும் என்று அங்கே விதி. அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருக்கும் ‘கல்வத்’ எப்போது ஏற்படுகிறது என்று நம் பிக்ஹு நூலார் ஆராயுமிடத்து, பிறர் நுழையவோ பார்க்கவோ முடியாத இடம் என்பதையே அடையாளமாகச் சொல்வர். குர்ஆனையும் ஹதீஸையும் படித்திராத சட்ட வரைவாளர் ஒருவர் அதே நுணுக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்! அன்னூர் அத்தியாயத்தில், எவரும் குடியிராத, ஆனால் நமக்குப் பயன் உள்ள இல்லங்களில் அனுமதி கேளாமலே நுழைவது குற்றமன்று என்னும் இடத்தில், தஃப்ஸீர் ஆசிரியர்கள் சத்திரங்களையும் கடைகளையும் எடுத்துக்காட்டுவர். வீடும் அன்று, வீதியும் அன்று என்னும் அவ்வகை இடங்களுக்கு ஒழுங்கு வகுப்பது அன்றுமுதல் இன்றுவரை கடினமான வேலையாகவே இருந்து வருகிறது.

ஏன் வீட்டிலேயே பாடக்கூடாது? இக்கேள்வியைப் பேராசிரியரிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு மேலே கையைக் காட்டினார். எழுபதுகளிலிருந்து கட்டப்பட்டு வரும் அடுக்குமாடி வீடுகளில்தான் கொரியக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி வாழ்கின்றன. மேல்வீட்டுக் குழந்தை ஓடினால் கீழ்வீட்டுக்காரர் உறங்க முடியாது. அயல்வீட்டார் ஓசையால் எழும் சச்சரவு அங்கே காவல்நிலையம் வரை போகிறது. மூன்று வீட்டில் ஒன்றுக்குமேல் ஒருவர் மட்டுமே வாழும் வீடு. சாராங்பாங் கட்ட இடம் இல்லை. கட்டினாலும் வந்து உட்கார ஆள் இல்லை. அப்படித் தனியே வாழ்பவருக்கென்று, இருவர் நின்றால் நிரம்பிவிடும் காசுப் பாட்டறைகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெருகியுள்ளன. ஆயிரம் வொன் தாள், நம் கணக்கில் ஏறத்தாழ 60 ரூபாய், உள்ளே செலுத்தினால் மூன்று நான்கு பாட்டு. அல்லது நிமிடக் கணக்கு. 2020இல் கொரோனாத் தொற்று இவ்வறைகள் வழியே பரவியபோது அரசு அவற்றை மூடியது, திறந்தது, மீண்டும் மூடியது. ஆனாலும் அவை அழிந்துவிடவில்லை.

மருமகனின் இருப்பிடத்தைப் பார்த்தபோதுதான் இவற்றின் பொருள் எனக்கு விளங்கியது. அவன் வாழ்வது ‘கோஷிவோன்’ என்னும் விடுதியில். அரசுத் தேர்வுக்குப் படிப்போருக்காகத் தொடங்கிய சிற்றறை விடுதிகள் அவை. இப்போது வாடகைக்கு வழியில்லாத தொழிலாளரும் அயல்நாட்டு மாணவரும் அவற்றில் உறைகின்றனர். கட்டிலும் மேசையும் போக, ஒரு முஸல்லா விரிக்கத்தான் இடம். இடையில் இருப்பது சுவரன்று, பலகை. அடுத்த அறைக்காரர் பக்கம் புரட்டும் ஓசை கேட்கிறது. பேசக்கூடாது என்று நடையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் இருமியபோது அவன் முகம் வெளிறியதைக் கண்டேன்.

அவன் பன்னிரண்டு வயதில் ஹாஃபிழ் ஆனவன். நானே அவனுக்குக் கடைசிப் பத்து ஜுஸ்உக்களைக் கேட்டுப் பாடம் எடுத்தவன். “தவ்ர் ஓதுகிறாயா?” என்று கேட்டேன். மனனம் செய்த திருமறையைத் திரும்பத் திரும்பக் குரல்விட்டு ஓதாவிட்டால் அது கட்டவிழ்த்த ஒட்டகம்போல் ஓடிவிடும் என்பது நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். அவன் பதில் சொல்லவில்லை. பள்ளிவாசல் உண்டு, 1980இல் கட்டப்பட்ட அழகிய பள்ளிவாசல், துசில் நிலையத்தின் அருகே. வெள்ளிக்கிழமைகளில் அங்கே போகிறான். நாள்தோறும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவரும்போது இரவு பதினொரு மணி.

அன்றிரவு அவன் என்னை மற்றொரு தெருவுக்கு அழைத்துச் சென்றான். பிரகாசமான விளக்குப் போட்ட ஒரு காசுப் பாட்டறைக் கடை. காவலுக்கும் ஆள் இல்லை. ஓர் அறைக்குள் நுழைந்து, ஆயிரம் வொன் தாளைச் செலுத்தி, நிமிடக் கணக்கைத் தேர்ந்து, ஒலிவாங்கியைத் தொடாமல், எந்தப் பாட்டையும் அழுத்தாமல் அமர்ந்தான். “இங்கேதான் மாமா ஓதுகிறேன். இரண்டு வருடமாக. உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது” என்றான்.

எனக்கு உடனே என்ன சொல்வதென்று தெரியவில்லை. கோபம் வந்ததும் உண்மை. சற்றுமுன் அந்த இருக்கையில் யார் என்ன பாடிவிட்டுப் போனாரோ! திருமறையின் 49ஆம் அத்தியாயத்துக்கே ‘அல் ஹுஜுராத்’, அறைகள் என்று பெயர். அதன் தொடக்கம் குரலின் ஒழுக்கத்தைப் பற்றியதன்றோ என்றெல்லாம் மனம் ஓடியது. பிறகு இமாம் நவவியின் ‘அத் திப்யான்’ நினைவுக்கு வந்தது. ஓதுவதற்குத் தகாத இடங்கள் எவை என்னும் பகுதியில், ஷஃபீ அவர்கள் மூன்று இடங்களை வெறுத்ததாக இமாம் எடுத்துக் காட்டுகிறார்: குளியற்கூடம், கழிவிடம், சுழன்றுகொண்டிருக்கும்போது செக்கும் திரிகையும் உள்ள ஆலை. குளியற்கூடத்தைப் பற்றியே முன்னோரிடையே கருத்து வேறுபாடு உண்டென்றும் ஷாஃபியீ அறிஞர்கள் அங்கு ஓதுவதை வெறுக்கவில்லை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். ஆலையைப் பற்றிய சொல்லில் ‘சுழலும்போது’ என்னும் நிபந்தனையை நான் எத்தனையோ முறை மாணவர்க்கு நடத்தியிருக்கிறேன். அதன்மேல் ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. அடுத்த அறையின் தாளம் சுவர் வழியே மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் அறையின் இயந்திரம் ஓய்ந்திருந்தது.

தீர்ப்பு ஒன்றும் நான் சொல்லவில்லை. “எங்கே விட்டாய்?” என்று கேட்டேன். ‘அல் அஃராஃப்’ என்றான். தொடங்கு என்றேன்.

குரல் முதலில் கம்மியிருந்தது, பிறகு திறந்தது. ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் ஓரிடத்தில், ஹாஃபிழ்கள் பலரும் தடுமாறுவதைப்போல, ஹூத் அத்தியாயத்துச் சொற்களுக்குத் தாவிவிட்டான். தொடையில் தட்டித் திருத்தினேன். இரண்டாம் முறையும் தாவினான். மூன்றாம் முறை சரியாக வந்தது. அதற்குள் திரையில் நிமிடங்கள் தீர்ந்து சிவப்பு விளக்கு மின்னியது. பையிலிருந்து இன்னோர் ஆயிரம் வொன் தாளை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.